கொஞ்சம் அசையாமல் இரு, பித்தளையே

சின்ன சி.என்.சி. மெஷின் வைத்துத் தொழில் செய்கிறவனிடம் என்ன வேலை என்று கேட்டால் உலோகம் வெட்டுகிறேன் என்பான். நம்பாதீர்கள், பகல் முழுக்க அவன் செய்வது, வெட்ட வேண்டிய துண்டை ஆடாமல் பிடித்து வைக்கப் படாத பாடு படுவதுதான்.

வெட்டுவதை மெஷின் பார்த்துக்கொள்ளும். கம்ப்யூட்டரில் வரைந்து கொடுத்துவிட்டால் கட்டர் தானாக இறங்கி, சுழன்று, சொன்ன கோட்டில் போய் வரும். ஆனால் கட்டர் வந்து தொடும் நேரத்தில் கீழே இருக்கிற துண்டு மயிரிழை நகர்ந்தாலும் போச்சு. துண்டு பாழ், கட்டர் பாழ், அன்றைய பொழுதும் பாழ். இதே தொழிலில் மாட்டிக்கொண்ட சகோதரர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மற்றவர்கள், கண்டி பஸ்ஸில் நின்றுகொண்டு ஊசியில் நூல் கோர்ப்பதை நினைத்துப் பாருங்கள், விளங்கிவிடும்.

என் பட்டறை கடுகண்ணாவையில், மெயின் ரோட்டோரம், வாடகை வீட்டின் கராஜில் இருக்கிறது. பல்லேகலவில் ஒரு தொழிற்சாலையில் பார்த்துக்கொண்டிருந்த ஷிப்ட் வேலையை விட்டுவிட்டு, பழைய மெஷின் ஒன்றை வாங்கிப் போட்டேன். அதன் மேசை தேநீர்த் தட்டைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். என்னோடு அங்கே வேலை செய்த நசீர் நானாவையும் பேசிப் பேசியே வேலையை விட வைத்தேன். என் மனைவி வசந்தி ஆரம்பத்திலேயே ஒரு கெடு வைத்தாள். தைப்பொங்கலுக்குள் நிலையான வேலை ஒன்று வராவிட்டால் மெஷினை விற்றுவிட்டு இரண்டு பேரும் பழையபடி ஷிப்டுக்குப் போக வேண்டும்.

அந்த நிலையான வேலை ஹந்தானைப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து வரும்போல் இருந்தது. கொழுந்தை உருட்டி முறுக்கும் ரோலரின் மேசையில், பிறை வடிவத்தில் பித்தளைக் கட்டைகள் பதித்திருப்பார்கள். தேய்ந்துபோனால் புதிது வார்த்து, அடிப்பக்கத்தைத் தட்டையாகச் சீவி, திரும்பப் பூட்ட வேண்டும். இத்தனை காலமும் அதற்குக் கொழும்புக்குத்தான் அனுப்பினார்கள். இப்போது ஒரு ரோலருக்கானதை மட்டும் எங்களிடம் தருவதாகவும், அது சரியாக உட்கார்ந்தால் மற்ற ரோலர்கள் எல்லாம் எங்களுக்கே என்றும் சொல்லியிருந்தார்கள். உட்காராவிட்டால் பல்லேகல.

அந்தப் பித்தளை வந்து சேரும்வரை சும்மா இருக்க முடியுமா? வந்தவர்களை எல்லாம் வரவேற்றோம். அதில்தான் பாதி உயிர் போனது.

காலையில் இருந்து

கண்டி டவுனில் தையல் மெஷின் திருத்துகிற பெரியவர் ஒருவர், கட்டை விரல் அளவில் கோணல்மாணலான இரும்புத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்தார். அதன் நடுவில் ஒரு சின்னக் காடி வெட்ட வேண்டும். வேலை அவ்வளவே. ஆனால் அந்தத் துண்டில் ஒன்றுக்கொன்று நேரான இரண்டு பக்கம் கிடையாது. வைஸ் என்கிற இடுக்கியில் வைத்து இறுக்கினால் ஈரச் சவர்க்காரம் மாதிரி வழுக்கிக்கொண்டு மேலே வந்தது. செம்புத் தகடு மடித்து வைத்தோம், ஈயத்தைத் தட்டி வைத்தோம், கடைசியில் பலகைத் துண்டொன்றை அதன் உருவத்துக்குக் குடைந்து, அதற்குள் படுக்கவைத்து, பலகையோடு சேர்த்து இறுக்கினோம்.

இதற்குள் பெரியவர் எங்கள் பிளாஸ்டிக் கதிரையில் இருந்து பிளேன்டீ குடித்து, பேப்பர் முழுவதும் வாசித்து, மூத்த மகளின் கல்யாணக் கதையையும் சொல்லி முடித்திருந்தார். மத்தியானம் தாண்டி பட்டனை அமர்த்தினேன். கட்டர் இறங்கியது, ஒரு தடவை போனது, வந்தது, நின்றது. நசீர் நானா துடைத்துக் கையில் கொடுத்தார். பெரியவர் துண்டைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இவ்வளவுதானா? இதுக்கா காலையில இருந்து உக்கார வச்சீங்க?"

சிரட்டை

கண்டி வாவிப் பக்கம் வெள்ளைக்காரர்களுக்கு நினைவுப் பொருள் விற்கும் ஹாஜியார் ஒருவர் பெரிய பையோடு வந்து இறங்கினார். உள்ளே முழுக்கத் தேங்காய்ச் சிரட்டை. ஒவ்வொன்றின் முதுகிலும் யானை ஒன்றைச் செதுக்க வேண்டுமாம். போனில் ஒரு வீடியோவும் காட்டினார். எந்த நாட்டிலோ ஒரு மெஷின் சிரட்டையில் கடகடவென்று பூ வரைந்துகொண்டிருந்தது. சிரட்டையை எப்படிப் பிடித்திருந்தார்கள் என்பதை மட்டும் அந்த வீடியோவில் காட்டவில்லை. எந்த வீடியோவிலும் காட்ட மாட்டார்கள், கவனித்திருப்பீர்கள்.

உருண்டையான, வழுவழுப்பான, இறுக்கினால் வெடிக்கிற ஒரு பொருளை எப்படிப் பிடிப்பது? முதல் சிரட்டையைச் சூட்டுப் பசையால் பலகையில் ஒட்டினோம். யானையின் தும்பிக்கை வரை வந்தது, பிறகு சிரட்டை எழும்பிப் பறந்து நசீர் நானாவின் தோளில் பட்டது. அடுத்ததாக மரத்தில் கிண்ணம் மாதிரிக் குடைந்து அதில் கவிழ்த்து வைத்தோம். அருமையாகப் பொருந்தியது. அந்த ஒன்று மட்டும். அடுத்த சிரட்டை பெரிது, அதற்கடுத்தது நீளம், ஒன்று ஒரு பக்கம் சப்பை.

ஒரே அளவாகப் பொறுக்கிக் கொண்டுவந்தால்தான் செய்யலாம் என்று ஹாஜியாரிடம் சொன்னேன். என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். தொழில் தெரியாதவனிடம் வந்துவிட்டோமோ என்ற கவலை அவர் முகத்தில் நன்றாகவே தெரிந்தது.

"இதெல்லாம் ஒரே மரத்துத் தேங்கா தம்பி. எங்கட வளவுல காய்ச்சது."

வட்டம்

வங்கியில் வேலை செய்கிற யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர், ஞாயிற்றுக்கிழமைகளில் காட்டுக்குள் போய்ப் பறவைகளைப் படம் எடுப்பவர். அவருடைய பழைய லென்ஸ் புதுக் கமெராவில் பூட்டுப்படவில்லை. இடையில் மெல்லிய அலுமினிய வளையம் ஒன்று வேண்டும். நல்ல மனுஷர், தலைகால் விளங்கப் படமும் வரைந்துகொண்டு வந்திருந்தார்.

வளையத்தை வைஸில் இறுக்கி உள்பக்கம் கடைந்தோம். அளந்து பார்த்தால் அச்சு வட்டம். அவரையும் கூப்பிட்டுக் காட்டினேன், சந்தோஷப்பட்டார். வைஸைத் தளர்த்தினேன், வளையம் ஒரு மூச்சு விட்டு முட்டை வடிவத்துக்குப் போய்விட்டது. மெல்லிய வளையத்தை நசுக்கிப் பிடித்திருக்கும்போது வட்டமாக வெட்டினால், விட்ட பிறகு அது தன் இஷ்டத்துக்குத்தான் நிற்கும். சரி என்று அடுத்ததை மெதுவாகப் பிடித்தோம். அது கட்டரோடு சேர்ந்து சுற்றி, கடித்துத் துப்பிய கரும்பு மாதிரி வந்தது.

இரண்டையும் மேசையில் வைத்து நடந்ததை விளக்கினேன். பிடித்திருக்கும்வரை வட்டம், விட்டால் முட்டை, அதுதான் சங்கடம் என்றேன். பொறுமையாகக் கேட்டார். இடையில் நியாயமான கேள்வி ஒன்றும் கேட்டார். அதற்குப் பிறகு வைஸைக் காட்டிச் சொன்னார்.

"ஓம், விளங்குது. அப்ப அதைக் கழட்டாமல் அப்பிடியே தாங்கோவன்."

ஒரு கிளாம்ப் கூட

கோயில் ஒன்றுக்குப் பித்தளைத் தகட்டில் உபயகாரர்களின் பெயர்கள் பொறிக்கும் வேலை. தகட்டை நான்கு மூலையிலும் கிளாம்ப் போட்டு மேசையோடு இறுக்கினேன். கிளாம்புகளில் படாமல் கட்டர் சுற்றிப் போகும்படி கம்ப்யூட்டரில் பாதையும் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். நசீர் நானா லுஹர் தொழப் போகும் முன் தகட்டை விரலால் தட்டிப் பார்த்திருக்கிறார். நடுவில் லேசாகத் துடித்ததாம். என் மேல் உள்ள அக்கறையில், ஓரத்தின் நடுவே இன்னொரு கிளாம்ப் போட்டு இறுக்கிவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போய்விட்டார்.

நான் வந்து பட்டனை அமர்த்தினேன். கட்டர் நேரே போய் அந்தப் புது போல்ட்டில் ஏறியது. எழும்பிய சத்தத்தில் பக்கத்துப் பழக்கடைக்காரர் ஓடி வந்தார். நானா திரும்பி வந்ததும் நான் கத்தினேன். சொல்லாமல் ஏன் போட்டீர்கள் என்றேன். பார்க்காமல் ஏன் அமர்த்தினாய் என்று அவர் கத்தினார். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்ததால் சண்டை நீண்டது. கடைசியில் அவர் குனிந்து, உடைந்த கட்டர் முனையையும் பாதி போன போல்ட்டையும் பொறுக்கி எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"ஒரு விசயம் தம்பி. போல்ட்டே வெட்டுப்பட்டும் தகடு அசையல்ல. இண்டைக்கித்தான் நாம சரியா பிடிச்சி ஈக்கிற."

தொட்டில்

புரட்டாசி நடுவில் பித்தளைப் பிறைகள் வந்து சேர்ந்தன. கொண்டுவந்தவர் தொழிற்சாலை மெக்கானிக் செல்வராஜ். ஹந்தானைத் தோட்டத்து லயக் குடியிருப்பில் பிறந்து அதே தோட்டத்துத் தொழிற்சாலையில் வளர்ந்தவர், அளந்துதான் பேசுவார். நான் பயந்தபடியே பிறைகளுக்கு நேரான பக்கம் என்று ஒன்றும் இல்லை. முதுகு மண் அச்சில் வார்த்தபடி மேடும் பள்ளமுமாக, இரண்டு முனையும் மெலிந்து, எங்கே பிடித்தாலும் வழுக்கியது. நான்கு நாள் வைஸோடு மல்லுக்கட்டினேன். நசீர் நானா, பிறை தென்பட்டும் பெருநாள் வராத ஊர் இதுதான் என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.

கடைசியில் அலுமினியக் கட்டை ஒன்றில் பிறையின் முதுகு அப்படியே அடங்கும்படி ஒரு பள்ளம் குடைந்தோம். பிறையை அதில் மல்லாக்கக் கிடத்தி இரண்டு முனையிலும் கிளாம்ப் போட்டால் அசையவே இல்லை. ஒரே ஆள் வார்த்த பிறைகள் என்பதால் எல்லாம் அதில் அடங்கின. எனக்குக் கண்ணில் தண்ணீர் வராத குறை. வேலை எவ்வளவு தூரம் என்று பார்க்க வந்த செல்வராஜிடம் பெருமையாகக் காட்டினேன். பள்ளத்தின் பளபளப்பை விரலால் தடவிப் பார்த்தார்.

"எம் புள்ளைக்குக்கூட நான் இப்படி ஒரு தொட்டில் செஞ்சு குடுக்கல அண்ணே."

பூசைக்கு மறுநாள்

தொட்டில் ரெடியான அன்று ஆயுத பூசை. மெஷினை நிறுத்திக் கழுவித் துடைத்தோம். மாலை வசந்தி வந்து விளக்கேற்றி, கம்ப்யூட்டர், டிரில், வைஸ், தீயணைக்கும் சிலிண்டர் என்று கண்ணில் பட்ட எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்து, பூவும் அட்சதையும் தூவினாள். நசீர் நானாவும் வந்து வாசலில் மரியாதையாக நின்று, கடலையும் வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் காலை பிறைகளை ஒவ்வொன்றாகத் தொட்டிலில் வைத்துச் சீவினோம். அடிப்பக்கம் கண்ணாடி மாதிரி வந்தது, தட்டையான பலகையில் வைத்தால் ஒட்டிக்கொண்டது. அடுத்த நாள் செல்வராஜ் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டு போனார்.

அன்று பின்னேரமே த்ரீவீலில் திரும்பி வந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. சாக்கை விரித்துப் பிறைகளைக் காட்டினார். ஒவ்வொன்றிலும் ஒரே பக்கத்து முனை உயர்ந்து நின்று ரோலரில் உரசுகிறதாம். முதுகு இயல்பிலேயே மேடும் பள்ளமும் என்பதால் அந்தச் சாய்வு எங்கள் கண்ணில் படவில்லை. உருட்டுவதற்காக வாட்டி வைத்த கொழுந்து ரோலருக்காகக் காத்துக் கிடக்கிறது, இருட்டும் முன் ரோலர் ஓடாவிட்டால் அத்தனையும் வீண், தோட்டத்தை நடத்துகிற தொரை கொழும்புக்குப் போன் எடுக்கத் தயாராக நிற்கிறார் என்று சொல்லிவிட்டு ஓரமாக நின்றார். வார்த்தவனைத் திட்டினேன், மெஷினைத் திட்டினேன், கிளாம்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். நானா மட்டும் தொட்டிலின் ஒரு மூலையையே பார்த்துக்கொண்டு நின்றார். என்ன நானா என்றேன். தயங்கித் தயங்கிச் சொன்னார், அதில் பூசைப் பொட்டு இருக்கிறது, உங்கட சாமிக்கு வைத்ததில் நான் எப்படிக் கை வைக்கிறது என்று.

பள்ளத்தின் ஒரு முனையில் காய்ந்த சந்தனம். நானும் அதைச் சீவத் தொடங்கிய அன்று காலையிலேயே பார்த்திருந்தேன். பூசைக்கு மறுநாளே எண்ணெய்த் துணியால் பொட்டை அழிக்க எனக்குக் கை வரவில்லை. ஒரு தூசு பொறுக்காத நானாவே விட்டுவைத்திருக்கிறார், அதனால் பாதகமில்லை என்று நான் நினைத்தேன். பூசை செய்த வீட்டுக்காரனே விட்டுவைத்திருக்கிறான், அதனால் பாதகமில்லை என்று அவர் நினைத்திருக்கிறார். வசந்தியைக் கூப்பிட்டேன். ஈரத் துணியோடு வந்து ஒரே இழுப்பில் துடைத்தாள். சந்தனத்தோடு சேர்ந்து, உள்ளே புதைந்து கல்லாகிப் போன அட்சதை அரிசி ஒன்றும் வந்தது. அதன் மேல்தான் எல்லாப் பிறையும் முனையைத் தூக்கிக்கொண்டு படுத்திருக்கின்றன. இவ்வளவு பெரிய பட்டறையில் பொட்டு வைக்க இந்த இடம்தானா கிடைத்தது என்று சத்தம் போட்டேன். அவள் சத்தம் போடவில்லை. துணியை மடித்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"அந்த இடம் மட்டுந்தான் சுத்தமா இருந்துச்சு. சாமிக்கு வைக்கிறத அழுக்குலயா வைப்பாங்க?"

சாக்கு

நல்லவேளையாகப் பிறைகளில் இன்னும் சீவுவதற்குப் பித்தளை மிச்சம் இருந்தது. தொட்டிலைத் துடைத்து, விரலால் தடவி, திரும்பத் துடைத்து, ஒவ்வொன்றாக வைத்தோம். நாங்கள் கொடுத்த தேநீரைத் தொடாமல் செல்வராஜ் மெஷினுக்குப் பக்கத்திலேயே நின்றார். வெளியே மழை கொட்டத் தொடங்கியிருந்தது. கடைசிப் பிறையைச் சூடு ஆறும் முன்னே சாக்கில் சுற்றிக்கொண்டு ஓடினார். போகிறவரைப் பார்த்துக்கொண்டு நானும் நானாவும் கதிரைகளில் இருந்தோம். நானா பல்லேகல ஷிப்ட் இப்போது எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்று கேட்டார். விளக்கு வைக்கிற நேரத்தில் போன் வந்தது. ரோலர் சத்தமில்லாமல் ஓடுகிறது, கொழுந்து தப்பியது என்றார் செல்வராஜ். நானா "அல்ஹம்துலில்லாஹ்" என்று முகத்தைத் தடவிக்கொண்டார். வசந்தி உள்ளே போய்ச் சாமிப் படத்துக்கு முன்னால் நின்றாள். ஒரு நன்றிச் சொல்கூட எனக்குக் கிடைக்கவில்லை.

பொங்கலுக்கு வெகு முன்பே, தொரை சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். தோட்டத்து லொறியில் செல்வராஜ் வந்து, இரண்டு ஆள் தூக்கும் சாக்கு ஒன்றை இறக்கினார். மற்ற எல்லா ரோலர்களுக்கும் உரிய பிறைகள். இனிக் கொழும்பு இல்லை, எல்லாம் நாங்கள்தான். பெருமையோடு முதல் பிறையை எடுத்துத் தொட்டிலில் வைத்தேன். நீளமாக இருந்தது. அடுத்தது குட்டை. மூன்றாவது வயிறு தள்ளியிருந்தது, நான்காவது முறுக்கிக்கொண்டு நின்றது. அவசரத்துக்கு ஊரில் உள்ள வார்ப்புக்காரர்கள் எல்லோரிடமும் பகிர்ந்து கொடுத்து வார்த்திருக்கிறார்கள். நானா ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, ஒவ்வொன்றாகத் தரையில் அடுக்கிக்கொண்டே போனார். இதற்கெல்லாம் தனித்தனித் தொட்டில் செய்ய வேண்டும், இதை எப்படிப் பிடிக்கிறது என்று செல்வராஜிடம் கேட்டேன். இவ்வளவு தெரிந்தவன் இப்படிக் கேட்கிறானே என்ற ஆச்சரியம் அவருக்கு.

"என்னண்ணே, எல்லாம் ஒரே தோட்டத்துப் பிறைதானே?"

ஆக, கம்ப்யூட்டர், கட்டர், வைஸ் என்று எத்தனை வாங்கிப் போட்டாலும், எங்கள் தொழிலில் ஒருவனைக் கவிழ்க்க ஓர் அட்சதை அரிசி போதும், காப்பாற்ற ஓர் ஈரத்துணி போதும், ஆனால் வாடிக்கையாளருக்கு விளங்கவைக்க மட்டும் இன்னும் ஒரு கருவியும் கண்டுபிடிக்கப்படவில்லை.